ஒருத்தி தள்ளினால் நகரும் கார்

ஜூன் 9, திங்கள்

இன்றும் வண்டி வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, என் வீட்டுக்காரருக்கு முகம் கழுவி, சட்டை மாட்டி, வலது கையை எடுத்து மடிமேல் வைத்தேன். ஐந்து மணி பிசியோதெரபிக்காக இரண்டு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்குக் கனகராஜ் போன் செய்தார். இவருடைய தம்பி.

"டிரைவர உடுமலைக்கு அனுப்பிட்டனுங்க அண்ணி. புதங்கிழமை கண்டிப்பா அனுப்பி வெக்கிறேன்."

ஏப்ரலில் இவர் கொப்பரைக் களத்தில் பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து வியாபாரத்தைக் கனகராஜ்தான் பார்த்துக்கொள்கிறார். வியாபாரத்தோடு சேர்ந்து எங்கள் பெரிய காரும் அவர் வாசலுக்குப் போய்விட்டது. மரியாதையான மனிதர். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பாமல் இருப்பார்.

வலது கையும் காலும் திரும்புவதாக இருந்தால் இந்த ஆறு மாதத்துக்குள் திரும்ப வேண்டும், பயிற்சியை இடையில் விடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள். போன வாரம் ஒரே நாள்தான் போனோம். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். புதன்கிழமைக்கு ஆகும்.

ஜூன் 11, புதன்

வண்டி வந்தது. வந்தால் மட்டும் என்ன. எங்கள் சந்துக்குள் அது நுழைய வேண்டுமென்றால் மூன்று வீட்டு ஸ்கூட்டர்களை நகர்த்த வேண்டும். நகர்த்துகிறவள் நான். "கொஞ்சம் பாத்து எடுங்க டீச்சர்" என்று எதிர்வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார்.

அதில் ஏறப் படி இருக்கிறது. நல்ல காலுள்ளவர்களுக்கே அது ஒரு ஏற்றம். டிரைவர் கீழிருந்து இடுப்பைத் தூக்க, பகலில் இவரைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுத்தாயி அந்தப் பக்கமிருந்து இழுக்க, நான் காலை எடுத்து உள்ளே வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது.

இந்த வண்டி வாங்கிய அன்று களத்து ஆட்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "வண்டின்னா நாம வர்றது ரோட்டுக்குத் தெரியோணும்" என்றார் இவர். ரோட்டுக்குத் தெரிந்தது. நான் பின்சீட்டில் இருந்தேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோன விஷயம். எனக்கும்கூட.

ஜூன் 13, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

பிசியோதெரபிப் பெண் ரெஜினா சின்ன வயசு, ஆனால் கண்டிப்பு. இவரிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"டீச்சர், மே மாசம் கட்டைவிரல் லேசா அசைஞ்சுது. இப்ப அதையும் காணோம். நீங்க வரலன்னா நான் என்ன பண்றது?"

வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன். கம்பிகளும் அந்த நடைபலகையும் இங்கேதான் இருக்கின்றன என்றாள். அதுவும் சரிதான்.

ஆட்டோவில் ஒருமுறை முயன்றாயிற்று. உடம்பு வலது பக்கமாகச் சரிகிறது, அந்தப் பக்கம் பிடிக்கக் கதவில்லை. வாடகைக் காருக்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "திருமலைசாமி வாடகைக் கார்ல போறானாம்னு பேசுவானுங்க. முடிஞ்சான்னு நெனப்பானுங்க." பேச்சு குழறினாலும் இதை மட்டும் தெளிவாகச் சொன்னார். நான் மீறி ஒருநாள் காரை வரவழைத்து நிறுத்தினேன். அவர் உடம்பை இறுக்கிக்கொண்டு நாற்காலியை விட்டு அசையவில்லை. பாதி உடம்புதான் வேலை செய்கிறது, அந்தப் பாதிக்கு இவ்வளவு பிடிவாதம். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தேன்.

ஜூன் 21, சனி

சில்வியா டீச்சர் மகனோடு சென்னைக்குப் போகிறார். மதிய இடைவேளையில், அவருடைய சாம்பல் நிறச் சின்னக் காரில் வெயில் விழுந்துவிட்டதென்று எழுந்து போனார். நானும் கூடப் போனேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார் என்று பார்த்தேன். கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, கதவு ஓரத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். கார் பேசாமல் நகர்ந்து வேப்பமர நிழலுக்குள் போய் நின்றது.

"என்ன டீச்சர், இவ்வளவு லேசாவா இருக்கும்?"

"இதுல என்ன இருக்கு கலா டீச்சர்? நாலு சக்கரம், ஒரு கூடு. பெரிய காரெல்லாம் பாதிப் பெட்ரோலத் தன்னையே தூக்கிட்டுப் போகத்தான் குடிக்குது."

நான் இருபத்தாறு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிறை கூடினால் நகர்த்த விசை கூடுதலாக வேண்டும், நிறுத்தவும் கூடுதலாக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்குத்தான் உள்ளங்கையில் தெரிந்தது. சில்வியா டீச்சர் சும்மா இருக்கும்போது நானும் ஒரு தரம் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது.

இதை யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் பழகினேன். பத்து முறை எஞ்சின் அணைந்தது. சில்வியா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். "அணையட்டும், அதுக்கென்ன" என்பதைத் தவிர வேறு பாடம் எதுவும் எடுக்கவில்லை.

வீட்டில் ரிப்போர்ட் கார்டு வேலை என்று சொல்லியிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் ரிப்போர்ட் கார்டு.

ஜூலை 12, சனி

காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். சந்துக்குள் ஒரே திருப்பில் நுழைந்தது. எந்த ஸ்கூட்டரையும் தொடவில்லை. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

இவர் வாசல் நாற்காலியில் இருந்தார். ரொம்ப நேரம் காரைப் பார்த்தார். பிறகு என்னை.

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க. என்ற சம்பளத்துல வாங்குனேன்."

"டப்பா" என்றார். வார்த்தை கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது, ஆனாலும் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டார். "நான் இதுல ஏற மாட்டேன்."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். பதம் வந்தபிறகும் பிசைந்துகொண்டே இருந்தேன். கோபமா, பயமா, கார் ஓட்டி வந்த சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றும்தான்.

ஜூலை 14, திங்கள்

பெரிய வண்டி வரவில்லை. சின்ன வண்டி வாசலில் நின்றது. அவர் ஏறவில்லை. ரெஜினாவுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

கோட்டூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இனிமேல் பஸ் வேண்டாம். காரில் போய்வருகிறேன். காலையில் சாரல். வைப்பர் ஒன்று கிறீச்சிடுகிறது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், ஏசி என்று ஒன்று இருக்கிறது, அது குளிரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மழை தகரத்தில் விழுவது காதில் விழுகிறது. ரோட்டில் பள்ளம் இருந்தால் எனக்குத் தெரிகிறது, மண்ணா தாரா என்று ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத் தெரிகிறது. பெரிய வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து போனால் பொள்ளாச்சி எது, பாலக்காடு எது என்று ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே மெத்தைதான்.

வளைவில் திருப்பு என்று நினைத்தால் போதும், திரும்பிவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் உடனே நிற்கிறது. இவ்வளவு சொன்னதைக் கேட்கிற ஒன்று என் வாழ்க்கையில் இதுவரை இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

பேட்டரி பழசு, தினமும் கொஞ்சம் தூரம் ஓட்டினால்தான் சார்ஜ் ஏறும் என்று மெக்கானிக் சொன்னார். அதனால் பள்ளி விட்டதும் ஆழியாறு ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். பெரிய வண்டி இன்று வராது என்று காலையிலேயே கனகராஜ் சொல்லிவிட்டார்.

ஜூலை 30, புதன்

பெரிய வண்டி வந்தது. ரெஜினாவிடம் போனோம். கம்பியைப் பிடித்து நான்கு அடி வைத்தார். ஐந்தாவதில் முழங்கால் மடங்கிவிட்டது. ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ எழுதினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேட்டரிக்காக ஆழியாறு வரை போனேன். அணைக்குக் கொஞ்சம் முன்னால் புளியமரங்களுக்கடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை அணைத்துவிட்டேன். அணைத்தால் பேட்டரி எப்படி ஏறும் என்று என் மாணவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. ரோட்டில் வேலை நடக்கிறது என்று சொன்னேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. பொன்னுத்தாயிதான் பஸ் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கனகராஜ் வந்தார், பழம், ஹார்லிக்ஸ், மகனின் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றோடும். பிரதீப்புக்கு செப்டம்பர் நாலாம் தேதி முகூர்த்தம். எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளைக்கு முதல் மாலையை வீட்டுக்கு மூத்த ஆண்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "அண்ணன் கையாலதான் மாலை எடுத்துக் குடுக்கோணும்" என்று அவர் சொன்னபோது இவர் கண் கலங்கிவிட்டது.

போகும்போது வாசலில் என் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க அண்ணி? லாரிக்காரன் ஒரு தட்டு தட்டுனா அப்பளம். அண்ணன இதுல ஏத்திக் கீது போடாதீங்க."

அது உண்மைதான். இதன் கதவை விரலால் தட்டினாலே தகரச் சத்தம் வருகிறது. லாரியோடு மோதினால் பெரிய வண்டிதான் பிழைக்கும், அதை நானே கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். எனக்கும் அந்தப் பயம் உண்டு. லாரி வந்தால் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றுவிடுகிறேன். ஆனால் அவர் வாசலில் நிற்கிற வண்டி என் வீட்டு மனுஷனை எப்படிக் காப்பாற்றும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

வரவில்லை. கல்யாண வேலையாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வரவில்லை. கல்யாண வேலை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன். கார்க் கதவைத் திறந்து வைத்து, சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"இது உங்க கை. இது உங்க காலு. மார்க்கெட்டுக்காரனுக்குப் பயந்துட்டு ரெண்டையும் விட்டுர்றீங்களா?"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "நீ ஓட்டி, நான் பக்கத்துல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியைச் சொல்ல வார்த்தை வரவில்லையா, சொல்ல வேண்டாம் என்று விட்டாரா, தெரியாது. முப்பது வருஷம் அவர் ஓட்டி, நான் பின்னால். அதில் எனக்கு என்ன குறைந்துபோனது என்று ஒரு நாளும் அவர் யோசித்திருக்க மாட்டார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். களைத்துவிட்டேன். இவர் மேல் இரக்கம் இருக்கிறது, ஆனால் இந்த இரக்கத்தைச் சுமக்க இப்போது தெம்பில்லை. கனடாவிலிருந்து மகள் போன் செய்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பேட்டரி. அணை வரை.

செப்டம்பர் 3, புதன்

கல்யாண மண்டபம். சாயங்கால வரவேற்புக்குப் பெரிய வண்டி நேரத்துக்கு வந்தது. டிரைவர் புதுச்சட்டை. பட்டு வேட்டி கட்டி, அவர் நெற்றியில் விபூதி வைத்துவிட்டேன். முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. பொன்னுத்தாயியைக் கூட்டிக்கொண்டு நான் என் காரில் பின்னால் போனேன்.

மண்டப வாசலில் வண்டி நின்றது. ஊரே நின்றது. களத்துக்காரர்கள், மண்டிக்காரர்கள், சொந்தபந்தம், எல்லோரும். கதவைத் திறந்தார்கள். அந்த உயரத்திலிருந்து அவரை இறக்க வேண்டும். ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் தோளை, ஒருவர் இடுப்பை, ஒருவர் காலை. "பாத்து, பாத்து, மொள்ளப் புடிங்க, இந்தப் பக்கம் சாயறாரு" என்று ஒரே சத்தம். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். வேட்டி தொடை வரை ஏறிவிட்டது. யாரோ ஒருத்தர் அதை இழுத்துவிட்டார். கீழே நாற்காலியில் உட்கார வைத்ததும் எல்லோரும் நன்றாக விசாரித்தார்கள்.

அவர் இடது கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நாளைக் காலையில் பெரிய வண்டியைப் பூ அலங்காரம் செய்து பெண்ணை அழைத்து வர அனுப்புகிறார்கள். அதை அவரே முன்னாடியே கனகராஜிடம் சொல்லிவிட்டாராம், நம் வண்டியில்தான் பெண் வர வேண்டுமென்று. பெருமைக்குச் சொன்னவர், தான் எதில் போவோம் என்று நினைக்கவில்லை. கனகராஜ் ஆறு மணிக்கு வேறு கார் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது நல்ல மழை. காரை வாசலில் நிறுத்திவிட்டு பின்னால் வந்த பெரிய வண்டியிலிருந்து அவரை இறக்க ஓடினேன். ரொம்ப அசதி.

செப்டம்பர் 4, வியாழன்

விவரமாக எழுத வேண்டும். இப்போது கூடக் கை வலிக்கிறது.

ஆறு மணிக்கு அவர் குளித்து, பட்டு வேட்டியோடு வாசல் நாற்காலியில் இருந்தார். ஆறரை வரை கார் வரவில்லை. கனகராஜுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிரதீப்புக்கு அடித்தேன், மாப்பிள்ளை எப்படி எடுப்பான். பொன்னுத்தாயி நேற்றே மண்டபத்தில் தங்கிவிட்டாள். ஏழரைக்கு முகூர்த்தம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே காரைப் பார்த்துக் கையை நீட்டினார், இடது கையை.

"சாவி எடு."

போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் டொக். நேற்று மழையில் இறங்கி ஓடியபோது விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி செத்துப்போயிருந்தது. இத்தனை வாரம் அலைந்தபிறகு, தேவைப்படுகிற அன்றைக்கு. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன்.

"லைட்ட அணைக்கல நீ" என்று குரல் வந்தது.

"ஆமாங்க."

"தள்ளோணும்."

"யாருங்க தள்றது? எதிர்வீட்டுல பூட்டு. யாராச்சும் வர்றாங்களான்னு பாக்கறேன்."

"நீ தள்ளு. நான் உக்கார்றேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் இடது காலைத் தட்டிக் காட்டினார். பிறகு இடது கையை. அப்போதுதான் தெரிந்தது. கிளட்ச் இடது காலுக்கு. கியர் இடது கைக்கு. ஹேண்ட்பிரேக்கும் இடது கைக்குத்தான். இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் அவருக்கு மிச்சமிருக்கிற பக்கத்தில் இருந்தது. இளவயதில் களத்தில் பழைய வேன் ஒன்றைத் தினமும் ஆட்களை விட்டுத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரிய வண்டியில் கிளட்சே கிடையாது. அதைத் தள்ளுவதென்றால் சந்தே கூடி வர வேண்டும், வந்தாலும் அது தள்ளி ஸ்டார்ட் ஆகாது.

இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். பிரேக் மிதிக்கிற வலது கால் செத்த கால். மகளிடம் இதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் சந்து சமதளம், ஒரு ஜீவன் இல்லை, நடக்கிற வேகம்தான். ஹேண்ட்பிரேக் ஒன்றே போதும்.

டிரைவர் சீட்டில் அவரை உட்கார வைத்தேன். ரெஜினா சொன்ன மாதிரிதான், முதலில் பின்பக்கம், பிறகு காலைச் சுழற்றி உள்ளே. ஒற்றை ஆளாக முடிந்தது, தூக்கவே தேவைப்படவில்லை. வலது காலை நானே எடுத்து பெடல் பக்கத்தில் வைத்தேன். சாவியைத் திருப்பிவிட்டேன். அவர் கிளட்சை மிதித்து, ஸ்டியரிங்கை விட்டு, இரண்டாவது கியரைப் போட்டார். கை நிதானமாக இருந்தது. பெல்ட் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

பின்னால் போய்ப் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினேன். ஈரத்தில் கால் வழுக்கியது. ஒருமுறை நகரவில்லை. முட்டியை மடக்கி மறுபடி தள்ளினேன். நகர்ந்தது. அவரும் காரும் நாற்பது வயதுக்கு மேல் ஏறின என் எடையும் எல்லாம் சேர்ந்து நகர்ந்தன. இரண்டு வீடு தாண்டியதும் ஓட்டமாக ஓடினேன். "விடுங்க" என்றேன். கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, பிடித்துக்கொண்டது. பிறகு எஞ்சின் ஒருமுறை நன்றாக உறுமியது. சந்து முனையில் ஹேண்ட்பிரேக் கிறீச்சென்று இழுபட்ட சத்தம் கேட்டது. நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு பாதிதான் சிரித்தது, இன்னொரு பாதி சும்மா இருந்தது. கண்ணில் தண்ணீர்.

"புடிச்சுருச்சு" என்றார்.

நானும் அழுதேன். மூச்சு வாங்கியது, அதனால் எது அழுகை என்று சொல்ல முடியாது. ஓடுகிற எஞ்சினை அணைக்காமல் அவரை இறக்கி, சுற்றிக் கூட்டிப்போய், பக்கத்துச் சீட்டில் உட்கார வைக்க ரொம்ப நேரமாகிவிட்டது.

மண்டபத்துக்குப் போனபோது கெட்டிமேளம் கேட்டது. மாலையை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், கனகராஜின் மாமனார் என்று பிறகு தெரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு பூ அலங்காரத்தோடு எங்கள் பெரிய வண்டி. அதற்கும் ஜெனரேட்டர் வண்டிக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு அதில் நுழைத்துப் படி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கனகராஜ் ஓடி வந்தார், கூடவே நான்கு பேர். "அண்ணா, கார் வரலீங்களா, ஐயோ, யாரு மறந்தாங்கன்னு தெரியலியே. டேய், புடிங்கடா, தூக்குங்க."

"தொடாதீங்க" என்றார் இவர். "அவ என்னை நிக்க வெப்பா."

ஏறுவது சுலபம், எழுவதுதான் பாடு. சீட்டு தாழ்வு. இரண்டு காலையும் வெளியே வைத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, "முன்னால சாயுங்க, ஒண்ணு, ரெண்டு" என்றேன். முதல் தடவை எழ முடியவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை எழுந்தார். இடது கையால் கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் தூக்காமல், தன் காலில். வேட்டி சரியாக இருந்தது.

மணமக்கள் வந்து அவர் காலில் விழுந்தார்கள். மாலை போய்விட்டதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

புது பேட்டரி போட்டாயிற்று. ஐந்து மணிக்கு ரெஜினாவிடம் சரியான நேரத்துக்குப் போனோம். என் காரில்.

எஞ்சின் உறுமியதைச் சொன்னேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததா, கனத்தில் விழுந்ததா என்று ரெஜினா கேட்டாள். "மிதிச்சேன்" என்றார். அவள் அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். தெரியவில்லை, விடாமல் வாருங்கள் பார்க்கலாம் என்றாள். நானும் நம்பி ஏமாறத் தயாரில்லை. விடாமல் போவோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் கனகராஜ் போன் செய்தார், நாளைக்குப் பெரிய வண்டியை அனுப்பட்டுமா என்று. இவர் இடது கையால் போனை வாங்கி, "வேண்டா. நீயே வெச்சுக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்ல அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

மத்தியானம் எண்ணெய் தேய்த்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடும்போது கேட்டார்.

"தினமும் எங்க போற?"

"பேட்டரிக்கு..."

"பேட்டரி சரி. எங்க?"

பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "ஆழியாறு. மரத்தடியில நிறுத்தி உக்காந்திருப்பேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "என்னையும் கூட்டிட்டுப் போ."

முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் இதுதான். இதுவரை எல்லாம் சொன்னதுதான். சந்தோஷப்பட வேண்டும். பட்டதும் நிஜம். ஆனால் அடுத்த கணமே அந்த மரத்தடியில் அவருக்கு மாத்திரை, தண்ணீர், தலையணை, துடைக்கத் துண்டு என்று வரிசையாக வந்து நின்றன. உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்தக் காருக்குள் இருந்த ஒரு மணி நேரம்தான். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மனசில்லை.

"ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "மத்த நாள்ல நான் தனியாத்தான் போவேன்."

இப்படி ஒரு பதிலை நான் அவரிடம் சொன்னதே இல்லை. கை எண்ணெயோடு அப்படியே நின்றது. கத்துவார், அல்லது சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சரி" என்றார். "இன்னிக்கு ஞாயிறுதானே?"